குறுக்குக்காலில் சின்னப்பன் நடந்தார்

ஓவர்சியர் சாரங்கபாணி பொய் எழுதியிருக்கிறார்.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற இன்ஜினீயர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். அதில் ஆலம்பேட்டையில் குறுக்குக்கால் என்ற கால்வாயின் வரலாறு என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார் அவர். ஏனாத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். முதல் மூன்று பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அகலம் சரி, ஆழம் சரி, கல் தூண்களின் கணக்கும் சரி. நான்காம் பக்கத்தில்தான் வருகிறது விஷயம். எண்பதுகளில் ஒரு கார்த்திகையில் காலனிக்குள் வெள்ளம் புகுந்ததற்குக் காரணம், ஒரு கூலியாள் கால்வாய்க்குள் நடந்து பார்க்காமலே நடந்ததாகச் சொன்னதுதான் என்று எழுதியிருக்கிறார். சோம்பல் என்ற வார்த்தையைப் போட்டிருக்கிறார். அந்தக் கூலியாளின் பெயரைக்கூடப் போடவில்லை.

அவர் பெயர் சின்னப்பன். அவர் சோம்பேறி இல்லை. அன்றைக்கு அவர் செய்தது, சாரங்கபாணி செய்யச் சொன்னது. சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

என் பெயர் கன்னியப்பன். காவாந்தண்டலத்துக்காரன். ஆலம்பேட்டையில் லஸ்கராக இருந்தேன். ஏரி மதகு, கால்வாய்ப் பலகை, கரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கடைசிப் படி ஊழியனுக்கு லஸ்கர் என்று பெயர். எழுத்து எனக்குச் சரளமாக வராது. ஓய்வு பெற்ற ஊழியர் சங்கத்தில் பத்து வருஷமாக அனுபவத்தை எழுது எழுது என்று கேட்டார்கள். எழுத ஒன்றுமில்லை என்று தட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்ட மாட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். கரையில் எலி வளை எங்கே இருக்கிறது, மதகுத் தண்டுக்கு எப்போது கிரீஸ் வைக்க வேண்டும், அளவுக்கல்லை எப்படிப் படிக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டு மழைக்காலத்தில் தானாக வந்துவிட்டது. வேலை என்று நான் நினைவில் வைத்திருப்பது குறுக்குக்காலைத்தான்.

ஆலம்பேட்டை உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சின்ன டவுன். மேற்கே பெரிய ஏரி. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, ஊருக்கு வடக்கே ஓடையில் போகும். ஊருக்குத் தெற்கே சித்தேரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால். இந்த ஓடையையும் அந்த வரத்துக்காலையும் சேர்ப்பதற்காக, கடைத்தெருவின் பின்புறமாக வெட்டியதுதான் குறுக்குக்கால். மொத்தமே முக்கால் கிலோமீட்டர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள் என்பார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்தக் கால்வாய்க்கு வேலை இரண்டு. சாதாரண வருஷத்தில் உபரித் தண்ணீரைக் கொண்டுபோய் சித்தேரியை நிரப்பும். பெருமழை வருஷத்தில் ஓடையின் பாரத்தைக் குறைக்கும். ஓடைக்குத் தெற்குக் கரையில், பள்ளத்தில் இருப்பது காலனி. ஓடை பொங்கினால் முதலில் முழுகுவது அதுதான். சித்தேரித் தண்ணீரில் விளைந்த நெல் ஊர்க்காரர்களுடையது. ஓடைத் தண்ணீரில் ஊறிய மண் சுவர் காலனிக்காரர்களுடையது. இரண்டுக்கும் சேர்த்து இந்த ஒரு கால்வாய்.

தலைப்பக்கம், ஓடையில் இரண்டு கல் தூண். தூணில் வெட்டிய பள்ளத்தில் ஏழு மரப்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்திருப்போம். வால்பக்கம், வரத்துக்காலில் அதே மாதிரி இரண்டு தூண், ஐந்து பலகை. வால் பலகைகள் மிதந்து எழாமல் இருக்க மேலே குறுக்கே ஒரு பூட்டுக்கட்டை செருகியிருக்கும். முழ நீளம், ஒருபக்கம் சீவிய மருதமரக் கட்டை.

திறக்கும் முறை இதுதான். முதலில் வாலைத் திறக்க வேண்டும். திறந்தவன் பூட்டுக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்வாய்க்குள்ளேயே, வாலிலிருந்து தலைவரைக்கும் நடந்து வர வேண்டும். கரையில் நடக்கக் கூடாது. உள்ளே ஆடு மாடு நிற்கிறதா, துணி துவைக்கிறவர்கள் இருக்கிறார்களா, மரம் விழுந்து கிடக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்திக்கொண்டே வருவான். தலையில் நிற்கும் லஸ்கர் கையில் கட்டையைக் கொடுப்பான். கட்டை கைக்கு வந்த பிறகுதான் தலைப் பலகையில் கொக்கி மாட்டுவோம். ஆள் வரும் வழியில் தண்ணீரும் போகும் என்பது கணக்கு. இதற்கு ஆள் நடப்பு என்று பெயர். ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைக்கு முன்னால் ஒரு தடவை, அப்புறம் திறக்கிறபோதெல்லாம் ஒரு தடவை.

நடக்கிற ஆள் சின்னப்பன். காலனிக்காரர், வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அவர் அப்பா நடந்தார், அப்புறம் அவர். அதற்குப் பதிலாக ஏரிக்கு உள்பக்கம் கால் காணி நிலத்தில் பயிர் வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களில் ஒருவன்கூட அந்தக் கால்வாய்க்குள் ஒருநாளும் நடந்ததில்லை. தண்ணீர் வேண்டியது அவர்களுக்கு. சேற்றில் இறங்க வேண்டியது சின்னப்பனுக்கு.

ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். அவர் என்னை லஸ்கரே என்று கூப்பிட்டார். அப்போது அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை.

"இன்னா சின்னப்பா, வூட்ல தூங்கிட்டு வரியா? கால் மணி நேரம் லேட்டு" என்பேன்.

"லஸ்கரே, நீ கரைல குடைய பிடிச்சிக்கினு நிக்கிற. நான் உள்ள முட்டி அளவு சேத்துல வரேன். ஒரு நாளிக்கு மாத்திக்கலாமா? உனக்கு உடம்பு கொறையும், எனக்குக் குடை கிடைக்கும்" என்பார்.

இனி சாரங்கபாணி. அவரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நானும் அவர் மாதிரி எழுதியவன் ஆகிவிடுவேன்.

அவர் ஓவர்சியராக வந்தபோது நான் இரண்டு வருஷ லஸ்கர். வந்த மூன்றாம் நாளே செருப்பைக் கழற்றி சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கிவிட்டார். கையில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. பத்தடிக்கு ஒரு தடவை அதை வண்டலில் குத்துவார். எவ்வளவு இறங்குகிறதோ அதைக் கட்டைவிரலால் பிடித்து, தூக்கிப் பார்த்து, சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில் எழுதுவார். சத்தம் போட மாட்டார். திட்ட மாட்டார். நாம் எதையாவது சொன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்:

"நீ பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"

பார்த்தேன் என்றால் எழுதுவார். சொன்னார்கள் என்றால் பேனாவை மூடிவிடுவார். "போய்ப் பாத்துட்டு வாய்யா. நான் இங்கயே நிக்கிறேன்." வெயிலில் அப்படியே நிற்பார். ஒரு தடவை நடுப்பாலத்துக்குக் கீழே கல் பெயர்ந்திருக்கிறது என்று யாரோ சொன்னதை நான் சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் கல் பெயரவில்லை, யாரோ அம்மிக்கல்லைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து சொன்னதும் சிரிக்கக்கூட இல்லை. "அம்மிக்கல் ஒன்று" என்று நோட்டில் எழுதினார்.

ஆள் நடப்பு அன்று சின்னப்பன் தலைக்கு வந்து சேர்ந்ததும், கட்டையை வாங்குவதற்கு முன்னால், "காலைக் காட்டு" என்பார். சின்னப்பன் கரையில் ஏறிக் காலை நீட்டுவார். முழங்கால் வரை ஒரே மட்டத்தில் ஈரச் சேறு இருந்தால் சரி. நடுவில் ஏறிக் கரையில் நடந்திருந்தால் சேறு காய்ந்து வெடித்திருக்கும். அதையும் பார்ப்பார். பிறகு ரெஜிஸ்டரில் எழுதுவார்: "ஆள் நடந்தது. முழு நீளமும் தடை இல்லை." கீழே கையெழுத்து.

"கல்யாணப் பொண்ணு காலக்கூட இப்புடிப் பாக்க மாட்டாங்க லஸ்கரே" என்பார் சின்னப்பன், ஓவர்சியர் போன பிறகு.

நான் அந்த ஓவர்சியரை மதித்தேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

கால்வாய்மேல் முதலில் வந்தது இரண்டு பலகைக்கல். கடைத்தெருவில் ஒரு ஓட்டல்காரர், பின்பக்கம் போய்வரப் பாலம் மாதிரி போட்டுக்கொண்டார். சாரங்கபாணி நோட்டீஸ் கொடுத்தார். ஓட்டல்காரர் வாங்கி மடித்துக் கல்லாவுக்கு மேலே செருகி வைத்தார். பக்கத்தில் நெல் மண்டி. அவரும் போட்டார். அவருக்கும் நோட்டீஸ். மூன்று வருஷத்தில் பதினோரு கடை பின்பக்கமாக வளர்ந்து கால்வாய்மேல் உட்கார்ந்தது. பலகைக்கல் போய் கான்கிரீட் வந்தது. நூறு அடிக்கு மேல் கால்வாய் இருட்டறை ஆகிவிட்டது. நோட்டீஸ் கொடுத்தவர் சாரங்கபாணி மட்டும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கவர் கொடுத்தார். ஓட்டலில் கொண்டுபோய்க் கொடு என்றார். கொடுத்தேன். ஓட்டல்காரர் என் முன்னாலேயே பிரித்து, கடைக்காரர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். நீரோட்டத்துக்கு மூன்றடி உயரம் விட்டு மேலே தளம் அமைத்துக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்று இருந்தது. சாரங்கபாணி கையெழுத்து.

"இன்னா லஸ்கரே, ஒரு காபி சாப்ட்டுப் போ. இனிமே நாம எல்லாம் ஒரே கரை" என்றார் ஓட்டல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் காபி குடிக்காமல் வந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. காபி குடிக்காததால் கால்வாய் திறந்துகொள்ளவில்லை.

அந்தக் கடிதத்தில் ஏன் கையெழுத்துப் போட்டார்? மேலே இருந்து யாரோ சொன்னார்கள் என்றார்கள். பணம் கைமாறியது என்றும் பேசினார்கள். நான் பார்க்கவில்லை. அதனால் எழுத மாட்டேன். அந்தப் பழக்கத்தை அவரிடம்தான் கற்றேன். அவர்தான் அதை விட்டுவிட்டார்.

அந்த வருஷ ஐப்பசியில் ஆள் நடப்பு. வழக்கமான நேரம் போய் அரை மணி ஆகியும் சின்னப்பன் வரவில்லை. வந்தபோது தோளில் தோல் உரிந்திருந்தது. உள்ளங்காலில் கண்ணாடி குத்தி ரத்தம். தலையெல்லாம் ஓட்டல் கழிவு.

"சார், கடைங்க கீய குனிஞ்சி வர முடியல. தவய்ந்துதான் வந்தேன். உமி மூட்டை மூட்டையா கொட்டிக் கீது. எச்சில் எல கீது. மூச்சு முட்டுது சார். பாம்பு ஒன்னு மூஞ்சிக்கு நேரா" என்றார்.

சாரங்கபாணி அன்றைக்கு காலைப் பார்க்கவில்லை. கடைகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை எடுத்துக்கொண்டு அவரே அந்த இருட்டுக்குள் இறங்குவார் என்று நான் நினைத்தேன். பழைய சாரங்கபாணி என்றால் இறங்கியிருப்பார். உமியை அள்ளச் சொல்லிக் கடைக்காரர்களுக்கு எழுதியிருப்பார்.

"சரிய்யா. இனிமே அந்த எடத்துல மட்டும் மேல ஏறிக்க. கடைத்தெரு வழியா சுத்தி வந்து இந்தப் பக்கம் எறங்கிக்க. போதும்" என்றார்.

சின்னப்பன் உடனே தலையாட்டவில்லை. "சுத்தி வந்தா அது நடந்த கணக்கு ஆவுமா சார்?" என்று கேட்டார்.

"ஆவும். நான் சொல்றேன்ல?"

"இல்ல சார், உள்ள தண்ணி சுத்திப் போவாதே, அதான் கேட்டேன்."

சாரங்கபாணி பேனாவைத் திறந்தார். ரெஜிஸ்டரைப் பிரித்து எழுதினார். முழு நீளமும் தடை இல்லை.

இதுதான் நடந்தது. தலைத் தூணுக்குப் பக்கத்தில், காலை பதினொரு மணி இருக்கும். பேசியவர்கள் அவர்கள் இரண்டு பேர். கேட்டவன் நான்.

அடுத்த இரண்டு வருஷமும் மழை இல்லை. தலைப் பலகை ஒன்றுகூட எடுக்கவில்லை. ஆனால் ஐப்பசி ஆள் நடப்பு மட்டும் தவறாமல் நடந்தது. சின்னப்பன் வாலிலிருந்து வருவார். கடைகள் வந்ததும் மேலே ஏறுவார். கையில் கட்டையோடு, சேற்றுக் காலோடு, கடைத்தெரு வழியாகச் சுற்றி வருவார். ஓட்டல்காரர் வாசலில் நின்று, "டேய், படியாண்ட வராத. அப்படி ஓரமா போ, சேறு தெறிக்குது" என்று கத்துவார். அவர் ஓட்டல் கழிவைத்தான் சின்னப்பன் காலில் சுமந்துகொண்டு வந்தார்.

"மாப்ள ஊர்கோலம் மாதிரி வரேன் லஸ்கரே. மேளம்தான் இல்ல. திட்டறதுக்கு ஆளுங்க கீறாங்க" என்று சொல்லிக் கட்டையை என் கையில் வைப்பார். நான் வாங்கிக்கொள்வேன். கட்டை கைக்கு வந்துவிட்டது, ஆள் வந்துவிட்டது, எல்லாம் சரி என்றுதான் எனக்கும் தோன்றியது. கட்டை எந்த வழியாக வந்தது என்று நான் யோசிக்கவில்லை. முறை நடந்துவிட்டால் வேலை நடந்துவிட்டது என்று நினைத்தேன். அது என் தப்பு. அதை யார்மேலும் நான் போடவில்லை.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலையில் கலங்கலில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தது. ஓடை கரை தொட்டு ஓடியது. காலனி ஆண்கள் எல்லோரும் ஓடைப் பக்கம் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தால் அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாரங்கபாணி குடையோடு வந்தார். தலையில் நானும் கொக்கி ஆட்கள் இரண்டு பேரும் நின்றோம். சின்னப்பன் வாலைத் திறக்கப் போயிருந்தார். போகும்போது அவர் மனைவி அந்தோணியம்மாள் எதிரே வந்து, "யோவ், நாஷ்டா துன்னுட்டுப் போ. தண்ணி எங்கியும் ஓடிடாது" என்றாள். "ஓடத்தான்டி திறக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கட்டையைக் கொடுத்தார்.

"கட வரிக்கும் கிளீனா கீது. அங்க எப்பயும் போல சுத்தி வந்தேன்" என்றார்.

நான் சாரங்கபாணியைப் பார்த்தேன். அவர் ஓடையைப் பார்த்தார். "எடுய்யா" என்றார்.

முதலில் மேல் பலகை இரண்டு. சற்று நிதானித்து மூன்றாவது. தண்ணீர் கால்வாய்க்குள் பாய்ந்தது. ஓடையில் ஒரு சாண் இறங்கியது. காலனி ஆட்கள் கத்தி ஆரவாரம் செய்தார்கள். நான்காவது, ஐந்தாவது எடுத்தோம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தலையிலிருந்து வாலுக்குத் தண்ணீர் போய்ச்சேரக் கால் மணி நேரம் ஆகும். ஆனால் பத்து நிமிஷத்திலேயே கால்வாயில் ஓட்டம் நின்று மட்டம் ஏற ஆரம்பித்தது. கடைகளுக்குக் கீழே மூன்று வருஷ உமியும் கழிவும் இறுகிச் சுவராக நின்றது. மோதிய தண்ணீர் திரும்பியது. ஓட்டலுக்குப் பின்னால் இடது கரை உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து ஒரு சந்து நேரே பள்ளத்தில் இறங்குகிறது. பள்ளத்தில் இருப்பது காலனி. அதன் முதுகுப் பக்கம்.

ஒருவன் ஓடிவந்தான். "காலனில தண்ணி பூந்துட்சி!"

"ஓட கரை பூட்சா?" என்று கேட்டார் சின்னப்பன்.

"ஓட இல்ல! கட பக்கத்துலேர்ந்து வருது!"

சின்னப்பன் அப்போதுதான் என்னைப் பார்த்தார். ஓடினார்.

ஓடும் தண்ணீரில் எடுத்த பலகையைத் திரும்ப இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பலகையை எங்கள் கையிலிருந்து தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூட ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் பின்வரிசை வீடுகளின் மண் சுவர் கரைந்தது. அந்தோணியம்மாள் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். பின்சுவர் அவள்மேல் விழுந்தது. சுவரைத் தூக்கியபோது உயிர் இல்லை.

ஒரு வாரத்தில், அதிகாரிகள் வந்தால் தங்கும் டி.பி. பங்களாவில் விசாரணை. வெளியூரிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். சின்னப்பனை நிற்க வைத்துக் கேட்டார். துக்கத்துக்காகச் சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார் சின்னப்பன்.

"நீ கால்வாய்க்குள்ள நடந்தியா?"

"நடந்தேன் சார்."

"முழுசாவா?"

"கட இருக்கிற எடத்துல சுத்தி வந்தேன் சார்."

"யார் சுத்தி வரச் சொன்னது?"

"ஓவர்சியர் அய்யாதான் சார். ரெண்டு மூணு வருசமா அப்புடித்தான்."

சாரங்கபாணி எழுந்தார். ரெஜிஸ்டரைப் பிரித்து அதிகாரி முன்னால் வைத்தார். "நான் அப்படிச் சொல்லலை சார். முழு நீளமும் நடந்ததாத்தான் பதிவு இருக்கு. நடந்தேன்னு அவன் சொன்னான், நான் எழுதினேன்" என்றார். குரல் உயரவில்லை. அவர் குரல் எப்போதும் உயராது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "லஸ்கர், நீ கேட்டியா? ஓவர்சியர் அப்படிச் சொன்னாரா?"

இந்த இடத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனது. பத்து வருஷத்துக்கு மேல் நான் தினக்கூலி. என்னை நிரந்தரமாக்கும் கோப்பு சாரங்கபாணி மேஜையில் இருந்தது. சின்னப்பன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அடுத்த மாசியில் என் வேலை நிரந்தரமானது.

அறிக்கையில் சின்னப்பன் பொய் சொன்னார் என்று எழுதினார்கள். பதினோரு கடைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. நடக்கும் வேலை போயிற்று, கால் காணி பயிரும் போயிற்று. காலனியிலேயே சிலர், பெண்டாட்டியைத் தண்ணீரில் விட்டவன் என்று காது கேட்கப் பேசினார்கள். அறுவடைக் கூலிக்கு மாகறல் பக்கம் போய்விட்டார். ஒரு தடவை செய்யாற்று மணலில் எதிரே வந்தார். நான் நின்றேன். அவரும் நின்றார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கினார்.

"கால காட்டட்டுமா லஸ்கரே?" என்றார்.

அப்புறம் அவரை இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்கவில்லை. மாகறல் பக்கமே இறந்துபோனார்.

சாரங்கபாணி சார், இதையெல்லாம் நான் கூடவே கொண்டுபோய்விடுவதாகத்தான் இருந்தேன். கோழைத்தனம்தான். நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் நானும் இருந்திருப்பேன். செத்துப்போனவரை மறுபடி இழுத்து, அச்சுப் போட்டு, சோம்பேறி என்று எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் என்னை எழுத வைத்தது.

எழுதியதோடும் நிற்கவில்லை. இப்போது குறுக்குக்காலைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று காலனிக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் உங்கள் மலரைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பார், கட்டடத்தால் ஒன்றும் ஆகவில்லை, கால்வாயில் நடக்க வேண்டியவன் நடக்காததால்தான் ஆயிற்று, இன்ஜினீயரே எழுதியிருக்கிறார் என்கிறார்கள். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டு இன்னும் எத்தனை மழைக்காலம் அந்தத் தளம் அங்கேயே இருக்கும்?

தலைத் தூண் இரண்டும் இன்னும் நிற்கிறது. ஒன்றில் ஓட்டல் விளம்பரத் தட்டி கட்டியிருக்கிறார்கள். பூட்டுக்கட்டை என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு என் கையில் கொடுத்தது, திரும்ப வாங்க அவர் வரவில்லை.

வருகிற சந்தை நாளில் காலை பத்து மணிக்கு அந்தத் தூண் பக்கத்தில் நான் நிற்பேன். சின்னப்பன் மகள் மேரி வருகிறாள். காலனிக்காரர்கள் வருவார்கள். கடைக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள். முதலில் நான் பேசுகிறேன். விசாரணையில் நான் பொய் சொன்னேன் என்று அந்தப் பெண் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். கட்டையை அவள் கையில் கொடுக்கிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் நீங்கள் பேச வேண்டும். வயதாகிவிட்டது, பஸ் ஏற முடியாது என்றால் மலரில் எழுதுங்கள், நான்கு பக்கம் வேண்டாம், நான்கு வரி போதும். ஆட்சேபணை இல்லை என்று அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நீங்களா, இல்லையா? சுத்தி வந்தால் போதும் என்று சொன்னது நீங்களா, இல்லையா? சின்னப்பன் அந்தக் கடைகளுக்குக் கீழே தவழ்ந்து வந்து, ரத்தக் காலோடு உங்களிடம் சொன்னாரே, அதை ஏன் நோட்டில் எழுதவில்லை? அம்மிக்கல்லை எழுதிய நோட்டு சார் அது.

சின்னப்பன் நடக்காமல் நடந்ததாகப் பொய் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் கேட்க, மேரி கேட்கப் பதில் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?